ரோம் நகரத்துச் சாமானியர்கள் எங்கே, என்ன சாப்பிட்டார்கள்?

“பண்டைய ரோமில் எல்லோரும் சினிமாவில் வருவது போல மஞ்சத்தில் சாய்ந்துகொண்டுதான் சாப்பிட்டார்களா? சாதாரண மக்களுக்குத் தெருக்கடைச் சாப்பாடு என்று ஏதாவது இருந்ததா?” என்பது கேள்வி.

இருந்தது. சொல்லப்போனால் ரோம் நகரத்தில் ஒரு கூலித் தொழிலாளி சூடாக ஏதாவது சாப்பிட்டான் என்றால் அது அநேகமாகக் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். இடது முழங்கையை ஊன்றி ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டு மயில் கறியும், பானையில் அடைத்துக் கொழுக்க வைத்த காட்டு எலி போன்ற டார்மௌஸும் தின்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர்தான் எழுதினார்கள், அல்லது எழுதியவர்கள் அவர்கள் வீட்டு விருந்தில் இடம் பிடித்தவர்கள். அதனால்தான் ரோமச் சாப்பாடு என்றதும் நமக்கு விருந்து ஞாபகம் வருகிறது. மிச்சப் பேருடைய சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சுவர்க்கிறுக்கலையும், கரிந்துபோன ரொட்டியையும், சாக்கடையையும்தான் பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஆர்வம் வந்ததே அவற்றால்தான்.

முதலில் வீட்டைப் பார்ப்போம், ஏனென்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ரோமின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். அவ்வளவு பேருக்குத் தனி வீடு கிடையாது. பெரும்பாலோர் ‘இன்சுலா’ எனப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒன்றிரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். இந்தக் கட்டடங்களை மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போனதால் அகஸ்டஸே 70 ரோமன் அடிக்கு மேல், அதாவது சுமார் 20 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று தடை போட வேண்டியிருந்தது. மேல்மாடிகளில் மரம் அதிகம், புகைபோக்கி இல்லை, தண்ணீரைத் தெருக்குழாய்த் தொட்டியிலிருந்து படியேறிச் சுமந்து வர வேண்டும், விறகோ கரியோ காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு பொறி பறந்தால் தெருவே எரியும், கி.பி. 64-இல் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. கும்முட்டி அடுப்பு மாதிரி ஒரு சின்னக் கரி அடுப்பை வைத்து ஏதோ ஒன்றைச் சூடு பண்ணிக்கொண்டவர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் சமையலறை என்று ஒரு தனி இடம் வீட்டில் இருந்தால் அவன் பணக்காரன். இன்றைக்கு ஓட்டலுக்குப் போவதை வசதியின் அடையாளமாக நினைக்கிறோமே, அங்கே அது தலைகீழ். வசதியுள்ளவன் வீட்டில் சாப்பிட்டான், இல்லாதவன் வெளியில் சாப்பிட்டான்.

இன்னொரு காரணம் கோதுமை. கி.மு. 123-இல் கையஸ் கிராக்கஸ் என்ற அரசியல்வாதி குடிமக்களுக்கு மலிவு விலையில் தானியம் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தான். கி.மு. 58-இல் குளோடியஸ் என்ற இன்னொரு அரசியல்வாதி அதை இலவசமாக்கினான். வாங்குவோர் எண்ணிக்கை 3,20,000 வரை ஏறிப்போக, ஜூலியஸ் சீசர் அதை 1,50,000 ஆகக் குறைத்தார், அகஸ்டஸ் காலத்தில் 2 லட்சம் பேர் அளவில் நின்றது. ஆளுக்கு மாதம் 5 மோடியஸ், நம் கணக்கில் சுமார் 33 கிலோ. ஆனால் கொடுத்தது ரொட்டி இல்லை, கோதுமை. ஒற்றை அறையில் இருக்கிறவன் 33 கிலோ கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட அடுப்பு வேண்டும். ஆகவே அது ரொட்டிக்காரரிடம் போனது. அரசாங்கமே ரொட்டியாகக் கொடுக்க ஆரம்பித்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், பேரரசர் அவுரேலியன் காலத்தில்தான்.

ரொட்டிக்கு முன்னால் ரோமானியர்களின் உணவு ‘புல்ஸ்’, உமி நீக்கிய ஒருவகைக் கோதுமையில் காய்ச்சிய கெட்டிக் கூழ். நீண்ட காலம் அவர்கள் கூழில்தான் வாழ்ந்தார்கள், ரொட்டியில் இல்லை என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ரோம் நகரத்தில் தொழிலாக ரொட்டி சுடுகிறவர்கள் வந்ததே கி.மு. 170-களில்தான் என்றும் சொல்கிறார். வந்த பிறகு அந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்பதற்கு ரோமில் போர்த்தா மஜ்ஜோரே வாயிலருகே இன்றும் நிற்கும் எவ்ரிசேசஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை சாட்சி. தானியம் வாங்குவது, அரைப்பது, பிசைவது, சுடுவது, எடை போடுவது என்று முழு வேலையையும் அதில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தன் தொழிலைப் பற்றி இவ்வளவு பெருமையோடு ஒரு மனிதன் போனதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனசு நெகிழும்.

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன இத்தாலிய ஊரான பொம்பெயில் மொதெஸ்துஸ் என்பவருடையது என்று அழைக்கப்படும் ரொட்டிக்கடையின் அடுப்பை 1862-இல் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்த நாளன்று அடுப்பில் வைத்தவை. வட்ட ரொட்டி, மேலே கத்தியால் எட்டுத் துண்டாகக் கீறியிருக்கும், பிய்த்துக் கொடுக்க வசதியாக. பக்கத்து ஊரான எர்குலானியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியின் மேல் முத்திரையே இருக்கிறது: கெலேர், குயின்துஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை. இந்தக் கடைகளின் கொல்லையில் எரிமலைக் கல்லில் செய்த ஆள் உயர ஏந்திரங்கள் இருக்கும், கண்ணைக் கட்டிய கழுதையோ அடிமையோ அதைச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். 2023-இல் பொம்பெயில் வெளிப்பட்ட ஒரு ரொட்டிக்கூடத்தில் வெளியே பார்க்கக்கூட வழியில்லாமல் சின்னச் சன்னல்களுக்கும் இரும்புக் கம்பி போட்டிருந்தது. தெருவில் வாங்கிய ரொட்டியின் மறுபக்கம் அது.

சரி, ரொட்டி முக்கிய உணவு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. இது நான் வசதிக்காகச் சொல்வதில்லை, லத்தீனிலேயே அதற்கு ‘புல்மெந்தாரியும்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஏறக்குறைய நம் ‘தொடுகறி’தான். இத்தாலியில் ஐசெர்னியா என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் விடுதிக்காரனும் வழிப்போக்கனும் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள்: ஒரு படி ஒயினும் ரொட்டியும் சேர்த்து 1 ஆஸ், தொடுகறி 2 ஆஸ், கோவேறு கழுதைக்கு வைக்கோல் 2 ஆஸ், வேறு செலவு தனி. ஆஸ் என்பது செம்புக் காசு, 16 சேர்ந்தால் ஒரு வெள்ளி டெனாரியஸ்.

அந்தத் தொடுகறி கிடைத்த இடம்தான் ‘போப்பினா’. தொல்லியல்காரர்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் ‘தெர்மோபோலியம்’ என்பார்கள். அது கிரேக்க மொழியிலிருந்து வந்த, அன்றைக்கே அபூர்வமாகப் புழங்கிய சொல். தெருவில் போகிறவன் போப்பினா என்றோ தபேர்னா என்றோ கௌபோனா என்றோதான் சொல்லியிருப்பான். பொம்பெயில் மட்டும் இப்படிக் குறைந்தது 80 கடைகள் உண்டு, அதைவிட மிக அதிகமாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஊரும் இல்லை அது. தெருவைப் பார்த்தபடி செங்கல்லால் கட்டிய மேடை, மேலே உடைந்த பளிங்குத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மூடியிருப்பார்கள், மேடைக்குள் பெரிய மண்சாடிகளைப் பதித்து வாய் மட்டும் தெரியும்படி விட்டிருப்பார்கள். அந்தச் சாடிகளில் என்ன இருந்தது என்பதில் பெரிய சண்டை. சூடான குழம்பு என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும், கட்டடத்தோடு பதித்த சாடியைக் கவிழ்த்துக் கழுவவும் முடியாது, எர்குலானியத்துக் கடைகளில் கிடைத்ததும் பயறு, கடலை மாதிரி உலர் பொருள்கள். ஆகவே பெரும்பாலான சாடிகள் பயறும் கொட்டைகளும் உலர்பழமும் வைத்த அஞ்சறைப் பெட்டி மாதிரிதான், சமையல், மேடையின் ஓரத்திலோ பின்னறையிலோ இருந்த அடுப்பில் வெண்கலப் பாத்திரத்தில் நடந்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் எல்லாக் கடைக்கும் இதையே சொல்லிவிட முடியாதபடி 2020 டிசம்பரில் ஒரு கடையைப் பற்றிய செய்தி வந்தது. பொம்பெயின் ஐந்தாம் பகுதியில் கிடைத்தது, ஓவியங்களின் வண்ணம்கூட மங்கவில்லை. மேடையின் முன்பக்கத்தில் ஒரு சேவல், தலைகீழாகத் தொங்கும் இரண்டு வாத்துகள், சங்கிலியில் கட்டிய ஒரு நாய். சாடிகளை ஆராய்ந்தால் வாத்து எலும்பு, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாம் கலந்து கிடந்தன. சுவரில் வரைந்திருந்த வாத்து கடையிலும் விற்பனைக்கு இருந்திருக்கிறது! ஒரு சாடியின் அடியில் அரைத்த அவரைப் பருப்பு. அது ஒயினின் நிறத்தையும் சுவையையும் சரிசெய்யப் போடுவது, அபிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலிலேயே அந்த முறை இருக்கிறது. ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவில் தியானா தெருவிலுள்ள கடையிலும் சுவரில் சாப்பாட்டுப் பொருள்களின் படம் இருக்கிறது, எழுத்துத் தெரியாதவனும் விரலைக் காட்டி வாங்கலாம்.

வெத்துதியஸ் பிளாசிதுஸ் என்பவருடையதாகச் சொல்லப்படும் இன்னொரு பொம்பெய்க் கடையில் ஒரு சாடிக்குள் ஏறத்தாழ 3 கிலோ சில்லறைக் காசு கிடைத்தது. அந்தக் கல்லாப் பணத்தில் பெரும்பாலும் சிறு காசுகள்தான். வாங்கியவர்கள் யார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கடை வரைக்கும்கூடப் போகவேண்டாம், சாப்பாடு தேடி வந்தது. தத்துவவாதி செனெகா ஒரு குளியல்கூடத்துக்கு மேலே குடியிருந்தபோது எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பணியாரம் விற்கிறவன், சாசேஜ் விற்கிறவன், இனிப்பு விற்கிறவன், அப்புறம் ஒவ்வொரு போப்பினாவிலிருந்தும் வந்த ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ராகம், தலை வலிக்கிறது என்று புலம்புகிறார். அவருக்குத் தலைவலி, நமக்கு அது புதையல். 2,000 வருஷத்துக்கு முந்தைய தெருவின் சத்தத்தை வேறு யார் நமக்குப் பதிவு பண்ணி வைத்தார்கள்? கவிஞர் மார்ஷியலும் வேலையில்லாமல் நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் அவித்த கொண்டைக்கடலை விற்கிறவனையும், கரகரத்த குரலில் கூவிக்கொண்டு ஆவி பறக்கும் சாசேஜைச் சட்டியோடு தூக்கிப் போகிறவனையும் காட்டுகிறார். சுண்டலும் சாசேஜும், அவ்வளவுதான் ரோமின் தெருத் தீனிக்கு அடையாளம்.

சாசேஜ் என்று நாம் சொன்னாலும் அவர்களிடம் அதில் பல வகை. ‘போத்துலுஸ்’ என்பது குடலில் ரத்தம் நிரப்பியது. ‘லுக்கானிக்கா’ தென் இத்தாலியின் லுக்கானியா பகுதியிலிருந்து வந்தது, கொத்திய பன்றிக்கறியோடு மிளகு, சீரகம், பலவகைத் தழை, மீன் சாறு எல்லாம் சேர்த்து இடித்துக் குடலில் திணித்துப் புகையில் தொங்கவிடுவார்கள். கிரேக்கத்தில் இன்றும் சாசேஜுக்கு லுக்கானிக்கோ என்றுதான் பெயர். பன்றிதான் அவர்களுக்கு முதல் இறைச்சி. மாடு உழவுக்கு.

மிளகு என்றதும் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும். அது சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து போனது. யவனர் கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ முசிறி என்று அகநானூறு (149) சொல்கிறது, அந்தக் ‘கறி’ மிளகுதான். ரோமில் பேரரசர் டொமிஷியன் மிளகுக்கென்றே கிடங்குகள் கட்டினார். காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, அதற்காக இந்தியா வரை போகிறார்களே என்று பிளினி அங்கலாய்க்கிறார். ஆனால் அவர் கொடுக்கும் விலையைக் கவனியுங்கள்: ஒரு ராத்தல், அதாவது சுமார் 327 கிராம் கருமிளகு 4 டெனாரியஸ். அன்று ஒரு படைவீரனின் வருஷச் சம்பளம் 225 டெனாரியஸ், ஆக அது ஆறேழு நாள் சம்பளம். அதிகம்தான், ஆனால் ஒரு ராத்தல் மிளகு எத்தனை மாதத்துக்கு வரும்! ரோமர் ஆண்ட பிரிட்டனின் வடகோடியில் விந்தோலாந்தா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கில் கம்பாக்ஸ் என்ற சாதாரணப் படைவீரன் பெயருக்கு நேரே மிளகு 2 டெனாரியஸ் என்று எழுதியிருக்கிறது. மேற்கு மலையில் விளைந்தது, மழையும் குளிருமான ஒரு எல்லைக் கோட்டையில் ஒரு சிப்பாயின் கூழில் போய் விழுந்திருக்கிறது.

மீன் சாறு இல்லாமல் ரோமச் சமையல் இல்லை. ‘காரும்’, ‘லிக்குவாமென்’ என்று பெயர்கள். மீனையும் குடலையும் உப்போடு அடுக்கி வாரக்கணக்கில் வெயிலில் வைத்தால் கரைந்து தெளிவான சாறு மேலே நிற்கும். ஸ்பெயினின் தென்கடற்கரையில் இதற்குப் பெரிய தொட்டிகள் கட்டியிருந்தார்கள். பொம்பெயில் உம்ப்ரிசியஸ் ஸ்கௌருஸ் இதில் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீட்டின் தரையில் தன் மீன்சாறு ஜாடிகளையே மொசைக்காகப் பதித்திருக்கிறார். முதல்தரச் சாறு வாசனைத் தைலத்தின் விலை விற்றது. வடித்தபின் அடியில் தங்கும் கசடு ‘அல்லெக்’, அது ஏழைகளுக்கு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த ரோமச் சாடிகளில் ஒயின், ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளோடு இந்த மீன்சாறு வந்த ஸ்பெயின் சாடிகளையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

சாக்கடை என்று முதலில் சொன்னேனே, அது எர்குலானியத்தில் இருக்கிறது. கீழே கடைகளும் மேலே சாதாரண மக்கள் குடியிருந்த அறைகளுமாக இருந்த ஒரு கட்டடத்தின் கழிவு முழுக்க ஒரே சுரங்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. எழுநூறு மூட்டைக்கு மேல் அள்ளிச் சலித்துப் பார்த்தால் அத்தி விதை, ஆலிவ் கொட்டை, முட்டை ஓடு, கடல் முள்ளெலியின் முட்கள், வகை வகையான மீன் முட்கள். ஏழை என்றால் கூழும் ரொட்டியும்தான் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை இது நிஜமாகவே மாற்றிவிட்டது. பொம்பெயில் ஸ்தாபியா வாயிலருகே ஒரு சாப்பாட்டுக் கடையின் கழிவில் ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பு கிடைத்தது. அது எப்படி அங்கே வந்தது என்று நினைத்தாலே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு ஊர்களும் கடலோரம், வளமான மண், வணிக ஊர். ரோம் நகரத்து ஐந்தாம் மாடிக்காரனுக்கு இவ்வளவு மீன் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு நாளின் வேளைகள் எளிமையானவை. விடியற்காலையில் ‘இயந்தாகுலும்’, ரொட்டித் துண்டோடு பாலாடைக்கட்டியோ ஆலிவோ, பலர் அதையும் சாப்பிடுவதில்லை. சேவல் கூவும்போதே பையன்களுக்கு ரொட்டிக்காரன் காலைப் பலகாரம் விற்க ஆரம்பித்துவிட்டான் என்று மார்ஷியலில் வருகிறது. நடுப்பகலில் ‘பிராந்தியும்’, அதுவும் லேசானது. செனெகா தன் மதிய உணவு காய்ந்த ரொட்டி, மேசை போடவில்லை, கை கழுவக்கூட அவசியமில்லை என்கிறார். குளியல் முடித்துப் பிற்பகலில் ‘கேனா’, அதுதான் பெரிய சாப்பாடு. கவிஞர் ஹொரேஸ் சந்தையில் கீரை விலை விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது லீக் எனும் வெங்காயத்தாள், கொண்டைக்கடலை, ஒரு மாவுப் பலகாரம். எல்லோரும் கையால்தான் சாப்பிட்டார்கள், கரண்டி உண்டு, மேசையில் முள்கரண்டி இல்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் அமெரிக்காவிலிருந்து வராத காலம். 2023-இல் பொம்பெய்ச் சுவரோவியத்தில் தட்டில் பழங்களோடு ஒரு தட்டை ரொட்டி இருந்ததைப் பார்த்து ‘பீட்ஸா’ என்று உலகமே சொன்னது. தக்காளி இல்லாமல் அது பீட்ஸா ஆகாது.

குடிக்க ஒயின், தண்ணீர் கலந்து, குளிர்காலத்தில் வெந்நீர் கலந்து. அதுவும் கட்டுப்படியாகாதவனுக்கும் படைவீரனுக்கும் ‘போஸ்கா’, புளித்த காடியில் தண்ணீர் கலந்தது. பொம்பெய்ச் சுவரில் ஹெதோனே என்ற பெண் பெயரில் ஒரு விலைப்பட்டியல்: 1 ஆஸுக்கு இங்கே குடிக்கலாம், 2 கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், 4 கொடுத்தால் உயர்தர ஒயினான ஃபலேர்னியன் குடிக்கலாம். இன்னொரு சுவரில் ஏமாந்தவன் சாபம்: கடைக்காரனே, எங்களுக்குத் தண்ணீரை விற்றுவிட்டு நல்ல ஒயினை நீ குடிக்கிறாய்!

இந்தக் கடைகளை ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. திபேரியஸ் பலகாரம்கூட வெளியில் வைத்து விற்கவிடாமல் கெடுபிடி செய்தார். கிளாடியஸ் மக்கள் கூடிக் குடிக்கும் கடைகளை மூடி, வேகவைத்த இறைச்சியும் வெந்நீரும் விற்கக் கூடாது என்றார், அதே மூச்சில் சங்கங்களையும் கலைத்தார். நீரோ கீரையும் பயறும் தவிர வேறு எதையும் சமைத்து விற்கத் தடை போட்டார். வெஸ்பாசியன் பயறு மட்டும் என்றார். சங்கங்களைக் கலைத்ததிலிருந்தே தெரிகிறது, அவர்கள் பயந்தது கறிக்கு இல்லை, நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுவதற்கு. ஒரே தடையை நாலு பேர் மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள் என்றால் யாரும் அதை மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம். இதே கிளாடியஸ்தான் ஒருநாள் செனட்டில், “சொல்லுங்கள், ஒரு துண்டு கறி இல்லாமல் யாரால் உயிர் வாழ முடியும்?” என்று கேட்டு, தான் இளவயதில் போய்வந்த பழைய கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்.

மேல்தட்டு எழுத்தாளர்களுக்குப் போப்பினா என்றால் எண்ணெய்ப் பிசுக்கு, புகை, சூது, வேசை. பேச்சாளர் சிசரோ எதிரியைத் திட்ட அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். கவிஞர் ஃப்ளோருஸ் “நான் சீசராக இருக்க விரும்பவில்லை” என்று எழுதியதற்கு, பேரரசர் ஹேட்ரியன் “நான் ஃப்ளோருஸாக இருக்க விரும்பவில்லை, கடை கடையாக அலைந்து, போப்பினாவில் பதுங்கி, கொழுத்த கொசுவிடம் கடிபட” என்று பதில் எழுதினாராம். இதையெல்லாம் படித்துவிட்டு இந்தக் கடைகளைக் குடிகாரர் மடம் என்று முடிவு கட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். வீட்டில் அடுப்பில்லாதவன் வேறு எங்கே போவான்?

அதையும் வாங்க முடியாதவர்கள் இருந்தார்கள். கேட்டோ தன் பண்ணை நூலில் அடிமைகளுக்குத் தொடுகறியாக உதிர்ந்த ஆலிவைக் கொடு, அது தீர்ந்ததும் அல்லெக்கும் காடியும் கொடு என்று கணக்கு எழுதியிருக்கிறார். பொம்பெயில் ஒரு வீட்டுச் சுவரில் யாரோ எட்டொன்பது நாள் சாப்பாட்டுச் செலவைக் கீறி வைத்திருக்கிறார்கள். பாலாடைக்கட்டி, எண்ணெய், வெங்காயம், ஒயின், ஒருநாள் பேரீச்சை, ஒருநாள் ஒரு சின்னச் சட்டி வாங்கியதுகூட இருக்கிறது. ரொட்டி அநேகமாக ஒவ்வொரு நாளும் வருகிறது. வீட்டுக்கு ரொட்டி 8 ஆஸ் என்று எழுதிய ஒருநாள் கணக்கில், கொஞ்சம் கீழே, தனியாக இன்னொரு வரி: பையனுக்கு ரொட்டி, 2. ‘பையன்’ என்றால் அங்கே அடிமை.